ஆர்க் பேபல்: நான்கு மொழிகளும் ஒரே அட்டவணையைப் படிக்கும் ஆவணம்

ஈமாக்ஸ் எடிட்டரோடு வரும் ஆர்க் மோடில் பேபல் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பற்றிய மதிப்புரை இது. அதன் எல்லா வசதிகளையும் எழுத ஒரு புத்தகம் வேண்டும். நான் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: விளக்கமும் நிரலும் கலந்து எழுதும் ஆவணத்தில், ஒரு நிரல்துண்டில் கிடைத்த மதிப்பை வேறு மொழியில் எழுதிய இன்னொரு துண்டுக்கு எப்படிக் கொண்டுபோவது? என் வேலைக்கு அன்றாடம் வேண்டியது இதுதான். ஒரு கருவியை வைத்துக்கொள்வதா விடுவதா என்பதையும் இதை வைத்தே முடிவு செய்கிறேன்.

சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்ப் பாசன விவசாயிகள் சங்கத்துக்கு மழைக் கணக்கு எழுதுகிறேன். சில ஊர்களில் மழைமானி வைத்திருக்கிறோம். காலை 8.30 மணிக்கு அளந்து போனில் அனுப்புவார்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறை அளக்கும் நேரமும் அதுவே. வந்த கோப்புகளைச் சேர்த்துச் சுத்தம் செய்வதற்கு பாஷ் என்ற கட்டளை மொழி. பழைய ஆண்டுகளோடு சேர்த்து வைக்க எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம். மழையில்லாத நாட்கள் தொடர்ந்து எத்தனை போயின என்று எண்ண பைத்தான். படம் வரைய ஆர் என்ற புள்ளியியல் மொழி. எல்லாம் ஒரே ஆவணத்தில், விளக்கத்துக்கு நடுவே.

எல்லாவற்றையும் பைத்தானிலேயே முடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. படத்தில் தமிழ் எழுத்து வரும்வரை முடிக்கலாம். பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப் நூலகத்தில் என்னிடம் இருக்கும் பதிப்பு தமிழ் எழுத்துகளைக் கோத்து வடிவமைப்பதில்லை. குறியீடுகளை வந்த வரிசையில் அப்படியே அடுக்கிவிடுகிறது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரக் குறியும் மெய்க்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். சிவகங்கை, தேவகோட்டை, மானாமதுரை, இளையான்குடி என்று எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர் எதை எழுதினாலும் உடைகிறது. ஆர் மொழியில் ராக் என்ற வரைபொதி ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைப்பு நூலகம் வழியாக எழுத்தைக் கோக்கிறது, அதனால் பெயர்கள் சரியாக வருகின்றன. விவசாயிகள் கையில் கொடுக்கும் தாளில் ஊர்ப்பெயர் உடைந்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆகவே கணக்கு பைத்தானில், படம் ஆரில். இரண்டுக்கும் நடுவே மதிப்பு கைமாறியாக வேண்டும்.

இந்தக் கைமாற்றம் எப்போது பிரச்சினையானது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். டொனால்ட் நூத் 1984-இல் விளக்கமும் நிரலும் கலக்கும் இந்த எழுத்துமுறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டபோது அவருடைய வெப் கருவிக்கு இந்தக் கவலையே இல்லை. துண்டு துண்டாக எழுதியவை எல்லாம் கடைசியில் ஒரே பாஸ்கல் நிரலாகச் சேர்ந்துவிடும். ஒரே நிரல் என்பதால் மாறிகளும் பொதுவாகவே இருந்தன. 2002-இல் வந்த ஸ்வீவ் என்ற ஆர் கருவி துண்டுகளைத் தனித்தனியாக ஓட்டியது. ஆனால் எல்லாம் ஒரே ஆர் செஷனுக்குள், அதாவது இடையில் மூடாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரே ஆருக்குள். துண்டுகள் தனித்தனியாக ஓடி, மொழியும் துண்டுக்குத் துண்டு மாறத் தொடங்கியபோதுதான் 'அங்கே கிடைத்த எண் இங்கே எப்படி வரும்' என்ற கேள்வி எழுந்தது. ஆர்க் மோடை 2003-இல் தொடங்கியவர் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர். பேபல் பகுதியை எரிக் ஷூல்ட்டேயும் டான் டேவிசனும் எழுதினார்கள். 2012-இல் புள்ளியியல் மென்பொருள் ஆய்விதழ் ஒன்றில் இதைப் பற்றிய கட்டுரையும் வந்தது.

இனி வேலை நடக்கும் விதம். என் ஆவணத்தின் தொடக்கத்திலேயே இப்படி ஓர் அட்டவணை இருக்கும்:

| வகை | தொடக்கம் (மி.மீ.) |
|-------------+------|
| மழை நாள் | 2.5 |
| கனமழை | 64.5 |
| மிகக் கனமழை | 115.6 |
| அதி கனமழை | 204.5 |

வானிலைத் துறை வைத்திருக்கும் வரம்புகள் இவை. ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழை நாள். இந்த அட்டவணைக்கு மேலே ஒரு வரியில் 'வரம்பு' என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்த நிரல்துண்டுக்கு இது வேண்டுமோ, அதன் தலைவரியில் 'வார்' என்ற குறிப்பைப் போட்டு, 'இந்த மாறிக்கு வரம்பு அட்டவணையைக் கொடு' என்று எழுதினால் போதும். கண்ட்ரோல்-சி இரண்டு முறை அழுத்தினால் துண்டு ஓடும், விடை அதற்குக் கீழேயே எழுத்தாக வந்து நிற்கும்.

பேபல் இங்கே செய்வது மிக எளிய காரியம். அட்டவணையை எடுத்து, போய்ச் சேரும் மொழி எதுவோ அதன் இலக்கணத்தில் மாற்றி எழுதி, நிரலுக்கு முன்னால் ஒட்டிவிடுகிறது. பைத்தானுக்குப் போகும்போது அது பட்டியல்களின் பட்டியல். ஆருக்குப் போகும்போது டேட்டா ஃபிரேம் என்ற அட்டவணை வடிவம். பாஷுக்குப் போகும்போது அட்டவணையின் முதல் பத்தி (நெடுவரிசை) சாவியாகவும் அடுத்தது மதிப்பாகவும் உள்ள அசோசியேட்டிவ் அரே. 'கனமழை' என்று தமிழிலேயே சாவி கொடுத்து 64.5 எடுக்கலாம். எஸ்கியூலைட்டுக்கு ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, கோப்பின் பெயரைத் தருகிறது. நாம் அதை இறக்குமதி செய்துகொள்ள வேண்டும். என்ன ஒட்டியது என்று பார்க்க கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி, வி என்று அழுத்தினால் விரித்த நிரல் அப்படியே திறக்கும். புதிதாக வருபவர்கள் முதலில் பழக வேண்டியது இந்த மூன்று விசைகளைத்தான். மாறி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஊகிக்கத் தேவையில்லை, கண்ணாலேயே பார்க்கலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்ன என்பதைச் சங்கக் கூட்டத்தில் நடந்த ஒரு பேச்சை வைத்துச் சொல்கிறேன். அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்திருந்தேன். செயலாளர் ஐயா புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம்மா, கனமழைன்னு போட்டிருக்கியே, அது எத்தனை மில்லிக்கு மேல?"

"மொதப் பக்கத்துலயே பட்டியல் இருக்குங்கய்யா. அறுபத்தி நாலரைக்கு மேல."

"சரி, அது சர்க்கார் கணக்கு. நமக்கு உழவு மழை வேணும்ல? இருபத்தஞ்சு மில்லியாவது பெஞ்சாத்தான் இந்த மண்ணுல ஏர் இறங்கும். அதையும் ஒரு வரி சேர்த்துரு."

அன்று இரவு அந்த அட்டவணையில் 'உழவு மழை, 25' என்று ஒரு வரி சேர்த்தேன். ஆவணம் முழுவதையும் ஒருமுறை ஓட்டினேன். எஸ்கியூலைட் எண்ணிக்கையில் உழவு மழை நாட்கள் தனியாக வந்தன. பைத்தான் இரண்டு உழவு மழைக்கு நடுவே எத்தனை நாள் இடைவெளி என்று எண்ணியது. ஆர் வரைந்த படத்தில் 25-க்கு நேராக ஒரு கோடு, பக்கத்தில் 'உழவு மழை' என்று எழுத்து. நிரலில் ஒரு வரிகூட நான் மாற்றவில்லை. ஐயா படித்துக் கேள்வி கேட்ட அதே அட்டவணைதான் நான்கு மொழிகளுக்கும் மாறி. வாசிப்பவருக்கு ஒன்று, இயந்திரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரதி இல்லை. நிரல் எழுதத் தெரியாத ஒருவர் தாளில் உள்ள எண்ணைப் பார்த்து 'இது தவறு' என்று சொன்னால், அவர் திருத்துவது நிரலைத்தான். இந்த ஒரு குணத்துக்காக பேபலின் மற்ற எல்லாச் சங்கடங்களையும் நான் பொறுத்துக்கொள்வேன்.

அடுத்தது, ஒரு நிரல்துண்டையே மாறியாகக் கொடுப்பது. 'வறட்சி' என்று பெயர் வைத்த பைத்தான் துண்டு ஒன்று, மழையில்லா நாட்களின் தொடர்ச்சியை எண்ணி அட்டவணையாகத் தருகிறது. ஆர் துண்டின் தலைவரியில் 'வறட்சி' என்று பெயரைச் சொன்னால், பேபல் முதலில் பைத்தானை ஓட்டி, விடையை வாங்கி, அதன் பிறகுதான் ஆரைத் தொடங்கும். அதோடு நிற்கவில்லை. வறட்சித் துண்டுக்கு 'ஆண்டு' என்று ஒரு மாறி இருந்தால், கேட்கும் இடத்தில் 'வறட்சி(ஆண்டு=2023)' என்று எழுதலாம். அதாவது பைத்தான் துண்டு ஆருக்கு ஒரு சார்பாக (ஃபங்ஷன்) வேலை செய்கிறது. நடுவில் நான் எந்த இணைப்பு நிரலும் எழுதவில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட வேண்டியிருந்தபோது, இரண்டு ஆண்டுகளை இரண்டு மாறிகளாக ஒரே தலைவரியில் கேட்டு, ஒரே படத்தில் வரைந்தேன்.

வாக்கியத்துக்கு நடுவிலும் இப்படிக் கூப்பிடலாம். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர் தண்ணீர். நீர்வரத்துப் பரப்பையும் அந்த மாத மழையையும் கொடுத்துப் பெருக்கும் சிறு துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். 'இந்த மாதம் நம் நீர்வரத்துப் பரப்பில் விழுந்த தண்ணீர் இவ்வளவு' என்ற வாக்கியத்தில் எண் வர வேண்டிய இடத்தில் அந்தத் துண்டின் பெயர்தான் இருக்கிறது. மழை எண் திருத்தப்பட்டால் வாக்கியமும் திருந்தும்.

இங்கே ஒரு விலை கொடுக்க வேண்டும். துண்டின் பெயரைச் சொல்லும் ஒவ்வோர் இடத்திலும் அது மறுபடி ஓடும். நாலைந்து இடத்தில் ஒரே துண்டைக் கேட்டால் நாலைந்து முறை ஓடும். 'கேஷ்' குறிப்பைப் போட்டால், நிரலும் உள்ளே வரும் மாறிகளும் மாறாதவரை பழைய விடையையே எடுத்துக்கொள்ளும். மாறியதா என்று, அவற்றிலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற ஹேஷ் எண்ணை வைத்துப் பார்க்கிறது. வெளியே இருக்கும் கோப்பு மாறியது அதற்குத் தெரியாது. எங்கள் மழைக் கோப்புகள் அன்றாடம் மாறுபவை என்பதால், கோப்பைத் தொடும் துண்டில் கேஷ் போடுவதில்லை. கணக்கு மட்டும் செய்யும் துண்டில்தான் போடுகிறேன்.

இனி 'செஷன்'. பேபலில் மாறியைப் பகிர்வதற்கு இது இரண்டாவது வழி. சாதாரணமாக ஒவ்வொரு துண்டும் புதிதாகத் தொடங்கி முடிந்துவிடும். முன்னால் ஓடியது எதுவும் அதற்கு நினைவிருக்காது. 'செஷன்' என்று பெயர் கொடுத்தால் பைத்தான் பின்னணியில் உயிரோடு இருக்கும். ஒரு துண்டில் ஏற்றிய தரவு அடுத்த துண்டில் அப்படியே கிடைக்கும். பெரிய கோப்பை ஒருமுறை ஏற்றிவிட்டுப் பல கேள்வி கேட்கும்போது இது இல்லாமல் முடியாது. ஆனால் ஒரு மொழியின் செஷனை இன்னொரு மொழி பார்க்க முடியாது. ஒரே பெயர் வைத்தாலும் பைத்தான் செஷன் வேறு, ஆர் செஷன் வேறு. மொழி தாண்ட வேண்டுமென்றால் 'வார்' வழியாகத்தான் வர வேண்டும்.

செஷனுக்குள் இருக்கும் மாறி தாளில் தெரியாது. எப்போது வந்தது, எந்தத் துண்டு கடைசியாக மாற்றியது என்பதை ஆவணத்தைப் படித்துச் சொல்லிவிட முடியாது. துண்டையே அழித்துவிட்டாலும் அது பிறப்பித்த மாறி செஷனில் வாழ்ந்துகொண்டிருக்கும். கேஷும் செஷனும் சேர்ந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் செஷனுக்குள் நடந்த மாற்றம் அந்த ஹேஷ் எண்ணில் சேர்வதில்லை. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரே மொழியில் அடுத்தடுத்த இரண்டு மூன்று துண்டுகளுக்குள் செஷன் வைத்துக்கொள்வேன். மொழி மாறும் இடத்திலும், அத்தியாயம் மாறும் இடத்திலும் பெயர் வைத்த அட்டவணை வழியாக மட்டுமே மதிப்பு போக வேண்டும். அறிக்கை கொடுப்பதற்கு முன் ஈமாக்ஸை மூடித் திறந்து, முதல் துண்டிலிருந்து கடைசி வரை ஓட்டுவேன்.

பைத்தானில் இன்னொரு தொல்லையும் உண்டு. செஷன் இல்லாத துண்டை பேபல் ஒரு சார்புக்குள் வைத்து ஓட்டுவதால், விடையைத் திருப்ப 'ரிட்டர்ன்' எழுத வேண்டும். செஷனில் அந்தச் சொல் கூடாது. கடைசி வரியின் மதிப்பே விடை. ஒரு துண்டை ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாற்றினால் நிரலையும் திருத்த வேண்டியிருக்கிறது. தலைவரியில் ஒரு சொல்லை மாற்றினால் உள்ளே இருக்கும் நிரலும் மாற வேண்டும் என்பது சரியான வடிவமைப்பு இல்லை. இத்தனை ஆண்டுகளில் இதைச் சரிசெய்திருக்கலாம்.

தரவு வகைகளிலும் பேபல் மிகவும் ஏழை. எண், எழுத்து, பட்டியல், அட்டவணை, அவ்வளவுதான். தேதி என்ற வகை கிடையாது, எல்லாத் தேதியும் வெறும் எழுத்தாகப் போகும். அந்தப் பக்கம் போனதும் நாமே தேதியாக மாற்ற வேண்டும். 1,250 என்று காற்புள்ளி போட்டு எழுதினால் அது எண்ணாகப் போகாது. அட்டவணையின் முதல் வரிசைக்குக் கீழே கோடு இருந்தால், அதைத் தலைப்பு என்று எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் அனுப்பி, விடை வரும்போது பழைய தலைப்பை மறுபடி மேலே ஒட்டும். விடையிலும் அதே பத்திகள் இருந்தால் நல்ல உதவி. பத்திகளின் எண்ணிக்கை மாறினால் தலைப்பு பொருந்தாமல் நிற்கும். அப்போது 'கால்நேம்ஸ்' குறிப்பை நாமே வைக்க வேண்டும். அட்டவணையின் ஒரு கட்டத்தை மட்டும் எடுக்க, பெயருக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் வரிசை எண்ணையும் பத்தி எண்ணையும் எழுதலாம். எண்ணிக்கை 0-இல் தொடங்கும், −1 என்றால் கடைசி. இந்த எண்ணிக்கை தலைப்பை எடுத்து வைப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எனவே தலைப்பு வரிசையும் சேர்ந்துதான் எண்ணப்படும். விரித்துப் பார்க்கும் அந்த மூன்று விசைகள் இங்கேயும் கைகொடுக்கும்.

சில நூறு வரிசைகள் வரை அட்டவணை வழியாகப் போகலாம். அதற்கு மேல் ஆவணமும் கனக்கும், ஈமாக்ஸும் திணறும். எங்களுடைய முழு மழைத்தரவு எஸ்கியூலைட் கோப்பில்தான் இருக்கிறது; துண்டுகளுக்கு நடுவே போவது கோப்பின் பாதையும் சுருக்க அட்டவணைகளும்தான். முதலில் இதைக் குறை என்று நினைப்பீர்கள். என் அனுபவத்தில் இது நன்மையாகவே முடிகிறது. மொழி தாண்டும் மதிப்பு ஒரு பக்கத்துக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியிருந்தால்தான் வாசிப்பவர் அதைச் சோதிக்க முடியும். பத்தாயிரம் வரிசையை யாரும் படிக்கப்போவதில்லை, பன்னிரண்டு மாத மழையை எல்லோரும் படிப்பார்கள்.

மாறிக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது; 'மழை = 12' என்று எழுதினால் ஓடும். பாஷ் ஏற்காது, அங்கே ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே. இரண்டு மொழிக்குப் போகும் மாறிக்கு இரண்டும் ஏற்கும் பெயர் வேண்டும். ஆனால் அட்டவணைக்கும் துண்டுக்கும் வைக்கும் பெயர் பேபலுக்கு மட்டும்தான் தெரிந்தாக வேண்டும். ஆகவே அவற்றை வரம்பு, வறட்சி, மாதமழை என்று தமிழிலேயே வைக்கிறேன். வாசிப்பவர் கண்ணில் படுவது அந்தப் பெயர்தான்.

மற்ற கருவிகளோடு வைத்துப் பார்க்காமல் மதிப்புரை முழுமையாகாது. ஜூபிடர் நோட்புக்கில் ஓர் ஆவணத்துக்கு ஒரு கர்னல், அதாவது பின்னணியில் நிரலை ஓட்டும் பகுதி ஒன்றே ஒன்று. எல்லாக் கட்டங்களும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரே மொழியில் வேலை செய்பவருக்கு இதைவிட வசதி எதுவும் இல்லை. ஆனால் நான் செஷனைப் பற்றிச் சொன்ன குறைகள் அத்தனையும் அங்கே ஆவணம் முழுக்கப் பரவியிருக்கின்றன. கட்டங்களை எந்த வரிசையிலும் ஓட்டலாம் என்பது அதைக் கூட்டுகிறது. கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்திலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோட்புக்குகளைத் திரட்டி ஆராய்ந்த 2019 ஆய்வு ஒன்றில், ஓட்டிப் பார்த்தவற்றில் பிழையின்றி ஓடியவை ஏறத்தாழ 24 சதவீதம். முன்பு பதிவாகியிருந்த அதே விடையைத் தந்தவை ஏறத்தாழ 4 சதவீதம். நூலகப் பதிப்புகள், காணாமல் போன கோப்புகள் என்று காரணங்கள் பல உண்டு. கண்ணுக்குத் தெரியாத மாறிகளும் அவற்றில் ஒன்று.

ஆரும் பைத்தானும் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதே வகை ஆவணக் கருவிகளான குவார்ட்டோவையோ ஆர் மார்க்டவுனையோ நான் சொல்வேன். ரெட்டிகுலேட் என்ற பொதி அங்கே இரண்டு மொழிகளையும் ஒரே இடத்தில் ஓட்டுகிறது. பைத்தானில் இருக்கும் டேட்டா ஃபிரேமை ஆரில் 'பை' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு டாலர் குறி போட்டு எடுக்கலாம். ஆரில் இருப்பதை பைத்தானில் 'ஆர்' என்ற எழுத்துக்குப் பின்னால் புள்ளி வைத்து எடுக்கலாம். தேதி தேதியாகவே போகும், பத்திப் பெயர் பத்திப் பெயராகவே போகும். இந்த இடத்தில் அது பேபலை விட மிகவும் மேல். நான் அங்கே போகாததற்குக் காரணம் பாஷும் எஸ்கியூலைட்டும், முக்கியமாக அந்த வரம்பு அட்டவணையும். மார்க்டவுனில் வாசகருக்காக எழுதும் அட்டவணை வாசகருக்கு மட்டும்தான். நிரல் அதை நேரடியாகப் படிக்க வழி இல்லை.

ஜூலியாவின் புளூட்டோவும் பைத்தானின் மரிமோவும் வேறு பாதையில் போகின்றன. எந்தக் கட்டம் எந்த மாறியை உண்டாக்குகிறது, எது பயன்படுத்துகிறது என்று நிரலைப் படித்தே தெரிந்துகொண்டு, ஒன்று மாறினால் அதைச் சார்ந்தவற்றைத் தானே ஓட்டுகின்றன. ஒரு மாறியை ஒரே ஒரு கட்டம்தான் வரையறுக்கலாம். கட்டத்தை அழித்தால் மாறியும் போய்விடும். செஷன் தொல்லைக்கு நான் பார்த்ததில் மிக நேர்மையான தீர்வு இது. பேபலில் அந்தச் சார்பு வலையை 'வார்' குறிப்புகள் வழியாக நாமே கையால் எழுதுகிறோம். அந்த உழைப்பு எனக்குச் சம்மதமே, ஏனென்றால் எழுதியது தலைவரியில் எல்லோருக்கும் தெரிகிறது.

நிறுவுவதைப் பற்றிச் சுருக்கமாக. ஈமாக்ஸ் இலவசம், ஆர்க் அதிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் ஈமாக்ஸ் லிஸ்ப் மட்டும்தான் ஓடும். மற்ற மொழிகளை அமைப்புக் கோப்பில் நாமே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு துண்டை ஓட்டும்போதும் 'ஓட்டலாமா' என்று கேட்கும். அந்தக் கேள்வியை அணைக்க வழி உண்டு, உங்கள் சொந்த ஆவணங்களுக்கு அணைத்துக்கொள்ளுங்கள். பிறர் அனுப்பும் ஆர்க் கோப்பில் ஷெல் நிரலும் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். நீண்ட நேரம் ஓடும் துண்டு முடியும்வரை ஈமாக்ஸ் வேறு எதையும் செய்ய விடாது. புதிய பதிப்புகளில் பைத்தான், ஆர் செஷன்களுக்கு 'அசிங்க்' குறிப்பு இருக்கிறது. போட்டால் பின்னணியில் ஓடும். ஈமாக்ஸையே முதன்முதலாகப் பழகுபவர்களுக்கு முதல் சில வாரங்கள் கடினமாகவே இருக்கும். அதை மறைத்து இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனியாக இரண்டு செய்திகள். 2020-இல் வந்த ஈமாக்ஸ் 27 முதல் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் எழுத்து ஒழுங்காகத் தெரியும். ஆனால் ஆர்க் அட்டவணைகள் எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று நம்பி வரிசைப்படுத்துபவை. 'மிகக் கனமழை' இருக்கும் வரியின் செங்குத்துக் கோடு பக்கத்து வரியோடு நேராக நிற்காது. மதிப்பு சரியாகத்தான் போகும், பார்ப்பதற்குத்தான் கோணல். வீஅலைன் என்ற பொதியை நிறுவினால் திரையில் நேராகிவிடும். பி.டி.எஃப். எடுக்கும்போது ஆர்க் வழக்கமாகக் கூப்பிடும் பிடிஎஃப்லாடெக் என்ற அச்சுக்கோப்பு நிரலை வைத்துத் தமிழ் வராது. ஆவணத்தின் தலையில் லாடெக் கம்பைலர் என்ற வரியில் ஸீலாடெக் என்று மாற்றி, ஃபான்ட்ஸ்பெக் பொதியோடு நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் குறிப்பிடுங்கள்; ஆர் வரைந்த படத்துக்கும் அதே எழுத்துருவைக் கொடுத்தால் படத்தில் உள்ள ஊர்ப்பெயரும் உரையில் உள்ள ஊர்ப்பெயரும் ஒரே எழுத்தில் வரும். எழுத்துருவின் பெயரையும் ஒரு வரியாக அட்டவணையில் வைத்து 'வார்' வழியாகவே ஆருக்கு அனுப்புகிறேன்.